இருமல் மருந்து

ஜனவரி 1

பஸ் ஸ்டாண்டு எதிரே இருக்கும் மருந்துக்கடையில் இந்த டைரியைக் கொடுத்தார்கள். நல்ல வாடிக்கையாளர்களுக்கு மட்டும்தானாம். கடைக்காரர் எல்லாப் பல்லையும் காட்டிக்கொண்டு நீட்டினார். பக்கத்துக்குப் பக்கம் சர்க்கரை வியாதிக்கு விளம்பரம். தாள் மட்டும் நன்றாக இருக்கிறது. வீணாக்க மனமில்லை.

முதல் பக்கத்தில் கட்டம் போட்டிருந்தார்கள், நிரப்பினேன். பெயர்: மனோன்மணி. வயது: 51. இரத்த வகை: ஓ பாசிட்டிவ். வேலை: வேதியியல் ஆசிரியை, பெண்கள் மேல்நிலைப் பள்ளி, கோவில்பட்டி. தொடர்ந்து எடுக்கும் மருந்துகள்: இல்லை.

ஜனவரி 3

பள்ளி திறந்தாயிற்று. தலைமையாசிரியை எஸ்தர் அம்மா ஒரே சுற்றறிக்கையை இரண்டு முறை வாசித்தார். முதல் முறை அவருக்கே புரியவில்லை போலிருக்கிறது. ஆங்கில ஆசிரியை புஷ்பகலா ஆசிரியர் அறையில் விற்கக் கொண்டுவந்த சேலைக்கட்டைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். பாடம் நடத்துவது அவளுக்கு இரண்டாவது தொழில்.

இருபத்தாறு ஆண்டுகளில் நான் ஒருநாள்கூடத் தாமதமாக வந்ததில்லை. பன்னிரண்டு ஆண்டுகளாக என் பாடத்தில் ஒரு பிள்ளைகூடத் தோற்றதில்லை. இந்தக் கூட்டத்தில் உட்கார்ந்து டீ குடிப்பதே எனக்குத் தண்டனை.

புஷ்பகலா என் கைப்பையில் இருந்த மருந்து பாட்டிலைப் பார்த்துவிட்டுக் கேட்டாள். "இன்னும் இருமல் போகலையாக்கா? நீங்க இருமி நான் பாத்ததே இல்லையே."

மருந்து வேலை செய்கிறது என்று அர்த்தம். இதுகூடத் தெரியாதவள் இரண்டு பட்டம் வாங்கியிருக்கிறாள்.

ஜனவரி 6

எங்கள் ஆய்வக உதவியாளன் சீனிராஜ். குடிகாரன். போன வருடம் ஆய்வகத்து மேசைக்கடியில் படுத்துக் கிடந்தவனை இரண்டு பேர் தூக்கி வெளியே கொண்டு போனார்கள். இப்போது நிறுத்திவிட்டானாம். பதினோரு மாதமாம். ஞாயிற்றுக்கிழமை தோறும் இவனைப்போன்ற பத்துப் பேர் ஒரு ஹாலில் கூடி, குடிக்காமல் இருந்ததற்கு ஒருவரையொருவர் பாராட்டிக்கொள்கிறார்களாம். குளித்ததற்குக் கைதட்டுவதுபோல.

குடிகாரர்களை எனக்கு நூறடி தூரத்தில் தெரியும். பதினெட்டு வருடம் ஒருவரோடு குடித்தனம் செய்தவள் நான். அவர் போய் ஐந்து வருடம் ஆகிறது. கடைசி மாதத்தில் வயிறு பானை மாதிரி வீங்கி, கண் மஞ்சளாகி, அப்போதும் 'நாளைக்கு நிறுத்திருதேன் மணி' என்றார். அந்த மாதம் தூங்காமல் கிடந்து எனக்குச் சளி பிடித்தது. அன்று ஒரு டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்து, அவ்வளவுதான்.

ஒரு மனிதன் தானாகப் போய்ப் பாட்டிலுக்குள் உட்கார்ந்துகொள்வதைப்போல் அருவருப்பான காரியம் வேறில்லை.

ஜனவரி 9

ஸ்டேஷன் ரோட்டு மருந்துக்கடையில் புதிதாக ஒரு பெண் நிற்கிறாள். "சீட்டு இல்லாமத் தர மாட்டோம்மா" என்றாள். மூக்குத்தியும் அவளும். அந்த மருந்தில் என்ன இருக்கிறது, அது உடம்பில் என்ன செய்யும் என்று அவளை உட்கார வைத்து இரண்டு பீரியடு நடத்த என்னால் முடியும்.

மாலையில் சாத்தூர் போய் வந்தேன். ஒரு வேலை இருந்தது. நான்கு வாங்கினேன்.

ஜனவரி 15

பொங்கல். சென்னையிலிருந்து தம்பி போன் செய்தான். பேசினேனாம். அவனே மறுபடி கூப்பிட்டு, "என்னக்கா, பேசிட்டு இருக்கையிலேயே தூங்கிட்ட?" என்றான். அவன் பேச்சைக் கேட்டால் யாருக்கும் தூக்கம் வரும்.

ஜனவரி 24

காலை முதல் பீரியடு பன்னிரண்டாம் வகுப்புக்கு மாதிரி செய்முறைத் தேர்வு. எஸ்தர் அம்மாவுக்கு இன்றைக்குத்தான் தபால் ஆபீஸுக்கு ஆள் அனுப்பத் தோன்றியிருக்கிறது, சீனிராஜைத் துரத்திவிட்டார். மேசையில் நீர்த்த சல்பியூரிக் அமிலம் இருக்கிற பாட்டில் காலி. அவன் வரும்வரை முப்பத்தாறு பிள்ளைகளை நிற்கவைக்க எனக்குப் பழக்கமில்லை.

பத்து மணிக்குக் கனகலட்சுமி அலறினாள். வகுப்பில் முதல் மாணவி. அளவுச்சாடியில் ஊற்றியதைக் கூம்புக் குடுவையில் சேர்த்திருக்கிறாள். குடுவை கொதித்துச் சீறி அவள் வலது கை முழுதும் தெறித்துவிட்டது. நீர்த்த அமிலம் அப்படிச் சீறாது. பாட்டிலில் இருந்தது அடர் அமிலம்.

மற்ற பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடினார்கள். பக்கத்து வகுப்பு ஆசிரியைகள் வாசலில் வந்து வாயில் கைவைத்து நின்றார்கள். நான் ஒருத்திதான் அவளை இழுத்துப்போய்க் குழாயடியில் கையை நீட்டிப் பிடித்தேன். இருபத்தைந்து நிமிடம். அவள் துள்ளினாள், விடவில்லை. என் கை நடுங்கவில்லை. அரசு ஆஸ்பத்திரி டாக்டர் சொன்னார்: "தண்ணியில இவ்வளவு நேரம் வச்சதாலதான் விரல் தப்பிச்சுது. யாரு செஞ்சது?"

நான்.

ஜனவரி 25

ஆஸ்பத்திரிக்குப் போனேன். கை கட்டுப் போட்டிருக்கிறது. வேறு எழுத ஒன்றுமில்லை.

ஜனவரி 27

பள்ளிச் செயலாளர் தங்கவேல் வந்தார். கடலைமிட்டாய் விற்றுப் பணக்காரரானவர், கல்வியைப் பற்றி அரை மணி நேரம் பேசினார். பிறகு விஷயத்துக்கு வந்தார்.

"பாட்டில்ல ஊத்தி வைக்கிறது யாரு வேல மேடம்?"

"ஆய்வக உதவியாளர் வேலை."

"நம்ம சீனிராஜா? அவன் குடிக்கிறவன்லா?"

"அது உங்களுக்கே தெரியும் சார்."

நான் பொய் எதுவும் சொல்லவில்லை. இரண்டு கேள்விக்கும் நேரான பதில் சொன்னேன். அவன்தான் முந்தின நாள் மாலை நிரப்பி வைத்திருக்க வேண்டும். அது அவன் வேலை.

ஜனவரி 28

கனகலட்சுமியின் அம்மா சுப்புத்தாய் பள்ளிக்கு வந்தாள். தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்கும் வேலை. சண்டை போட வருகிறாள் என்று எஸ்தர் அம்மா தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அவள் நேரே என்னிடம் வந்தாள். என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அவள் விரல்களில் பழைய தீத் தழும்புகள்.

"எங் கை மாதிரி அவ கையும் ஆயிரக்கூடாதுன்னுதான் டீச்சர் படிக்க வச்சோம். இங்க வந்தும் வெந்து போச்சே. நீங்க மட்டும் இல்லைன்னா எம் பிள்ளைக்கு விரலே இருந்திருக்காது."

எனக்கு இந்த மாதிரி அழுகைகள் பிடிக்காது. கையை விடுவித்துக்கொண்டு வகுப்புக்குப் போனேன். போகிற வழியில் ஆய்வகத்தில் ஒரு நிமிடம் நின்றேன். தொண்டை வறண்டிருந்தது.

பிப்ரவரி 1

என்னிடம் எழுத்து வாக்குமூலம் கேட்டார்கள். கொடுத்தேன். 'அமிலத்தை மாற்றி நிரப்பியது ஆய்வக உதவியாளரின் கவனக்குறைவாக இருக்கலாம்.' இருக்கலாம் என்றுதான் எழுதினேன். எஸ்தர் அம்மா அதைத் தட்டச்சு செய்யும்போது 'கவனக்குறைவே' என்று ஆக்கிவிட்டார். தமிழில் ஓர் ஏகாரத்தின் பாரம் அவருக்கு என்ன தெரியும்.

கையெழுத்துப் போட்டேன்.

சீனிராஜ் தற்காலிகப் பணிநீக்கம். பன்னிரண்டாம் தேதி விசாரணை. அதற்குப் பிறகு நிரந்தரமாக அனுப்பிவிடுவார்கள்.

பிப்ரவரி 3

மத்தியானம் சாவியை ஒப்படைக்க வந்தான். தலைவாரி, வெள்ளைச் சட்டை போட்டிருந்தான். ஆய்வகத்தில் நானும் அவனும்தான். அலமாரி ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினான். எது எங்கே, எதைத் தொடும்போது கையுறை வேண்டும், எந்தக் குழாய் ஒழுகும் என்றெல்லாம் சொன்னான். அழுவான், காலில் விழுவான் என்று எதிர்பார்த்தேன். அப்படி விழுந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

கடைசியாக, "டீச்சர், பின் ரூம்ல சாக்கு ஒண்ணு இருக்கு. அத மட்டும் பாத்துக்கிடுங்க" என்றான்.

"என்ன சாக்கு?"

"உங்க மருந்து பாட்டிலு. காலியானது. வாரத்துக்கு ஒருக்க நாந்தான் கொண்டுபோய்ப் போட்டுட்டு வருவேன். கூட்டிப் பெருக்குத அக்கா பாத்துச்சுன்னா பேச்சாயிரும்லா. இப்ப பத்து நாளா எடுக்கல. முப்பதுக்கு மேல இருக்கு."

"அது இருமல் மருந்து" என்றேன்.

"ஆமா டீச்சர்."

"எவ்வளவு நாளாத் தெரியும்?"

"ரெண்டு வருசமாத் தெரியும். அன்னைக்குக் காலையிலயும் தபாலாபீஸ் போறதுக்கு முன்ன உங்களப் பாத்தேன். கண்ணு ஊசிமுனை மாதிரி இருந்துச்சு. நாம இருந்து ஊத்திக் குடுத்துட்டுப் போவோம்னு நெனச்சேன். பெரிய டீச்சர் அவசரப்படுத்திட்டாங்க."

"விசாரணையில இதைச் சொல்லப்போறீங்களா?"

அவன் சிரித்தான். கிண்டல் இல்லாத சிரிப்பு. "நான் சொன்னா யாரு டீச்சர் நம்புவா? சொல்லவும் மாட்டேன். உங்க மேல கோவமே வரல. வரணும்னு பாக்கேன், வரல. பாவமாத்தான் இருக்கு. நானும் அங்கன கிடந்தவந்தான."

சாவியை மேசைமேல் வைத்துவிட்டுப் போனான்.

பாவமாம். மேசைக்கடியில் வாந்தியில் கிடந்தவன். என்னைப் பார்த்து.

பிப்ரவரி 4

இன்று முதல் மருந்து இல்லை. நான் குடிகாரி இல்லை என்பதை அந்த ஆளுக்கு நிரூபிக்க வேண்டிய அவசியம் எனக்கு இல்லை. ஆனாலும் நிறுத்துகிறேன். ஓர் இருமல் மருந்து. நினைத்தால் நிறுத்தக்கூடியது.

மீதியிருந்த மூன்றையும் சாக்கடையில் ஊற்றினேன்.

பிப்ரவரி 5

கொட்டாவி. கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர். ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் யாரோ காய்ச்சலைக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார்கள். பிள்ளைகளுக்கு மூக்குத் துடைக்கக்கூடக் கற்றுக்கொடுக்காத பெற்றோர்கள்.

பிப்ரவரி 6

விடுப்பு போட்டேன். இருபத்தாறு ஆண்டுகளில் முதல் முறை காரணம் எழுதாமல் போட்ட விடுப்பு. வயிற்றுப்போக்கு. உரித்த கோழி மாதிரி உடம்பெல்லாம் புள்ளிபுள்ளியாகச் சிலிர்க்கிறது. கால்கள் என்னைக் கேட்காமல் உதைக்கின்றன. நேற்று கேண்டீனில் சாப்பிட்ட சாம்பார் சாதம். அந்த ஆளைத் தெருவில் நிறுத்த வேண்டும்.

பிப்ரவரி 7

கேண்டீன் சாப்பாட்டை இரண்டு நாள் முன்னால் சாப்பிட்டவர்கள் எல்லோரும் நன்றாக இருக்கிறார்கள். புஷ்பகலாவிடம் போனில் விசாரித்தேன்.

பிப்ரவரி 8

சாத்தூர்.

பிப்ரவரி 9

நேற்று பஸ்ஸிலேயே ஒரு பாட்டிலைத் திறந்தேன். பக்கத்தில் ஒரு பெண் மடியில் குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள். நான் மூடியில் அளக்காமல் அப்படியே வாயில் கவிழ்த்ததைப் பார்த்துவிட்டு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு வேறு இருக்கைக்குப் போய்விட்டாள். படிக்காதவள். கழுத்தில் அழுக்குக் கயிறு. அவள் எழுந்து போனாள்.

என் வீட்டுக்காரர் ஒருமுறை என் தம்பி கல்யாணத்துக்குப் போகும் பஸ்ஸில் இப்படிக் குடித்தார். நானும் எழுந்து போய் முன்னால் உட்கார்ந்தேன்.

பிப்ரவரி 12

விசாரணை. பகல் பதினொன்றரை. செயலாளர் அறை. தங்கவேல், எஸ்தர் அம்மா, நிர்வாகக் குழுவில் இரண்டு பேர். ஒருவர் போனில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார். சீனிராஜ் சுவரோரம் நின்றான். நாற்காலி காலியாக இருந்தது, உட்காரச் சொல்லவில்லை.

எழுதிக் கொடுத்ததையே இவர்கள் முன்னால் ஒரு வரியில் திரும்பச் சொல்லிவிட்டு வெளியே வந்துவிடலாம் என்றுதான் போனேன். அதை இங்கே எழுதிவைக்கிறேன். திருந்திப் போகவில்லை.

செயலாளர் என்னைக் கேட்டார். "அன்னைக்கு இவன் குடிச்சிருந்தானா மேடம்? நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

சீனிராஜ் என்னைப் பார்த்தான். மறுபடி அதே பார்வை. ஆஸ்பத்திரியில் நோயாளியைப் பார்க்க வந்தவன் பார்ப்பதுபோல. வேலை போகப்போகிறவன் அவன். என்னைப் பார்த்து அவன் பரிதாபப்படுகிறான். வாழ்நாள் முழுக்க இந்த மனிதனின் இரக்கத்தில் நான் நல்ல பெயரோடு இருக்க வேண்டும். அதை என்னால் தாங்க முடியவில்லை. வேறு நல்ல எண்ணம் எதுவும் எனக்கு வரவில்லை.

"அவர் குடிக்கல. பாட்டில்ல ஊத்தினது நான். போதையில இருந்ததும் நான்தான்" என்றேன்.

செயலாளர் சிரித்தார். "மேடம், உங்க இரக்க குணம் எல்லாருக்கும் தெரியும். அதுக்காகக் குடிகாரப் பயலக் காப்பாத்த வேண்டியதில்ல."

நம்பவில்லை! உண்மையைச் சொன்னால் நம்பாத நான்கு முட்டாள்கள். கைப்பையைத் திறந்து இரண்டு பாட்டிலை எடுத்து மேசைமேல் வைத்தேன். ஒன்று காலி, ஒன்று பாதி.

எஸ்தர் அம்மா, "இது இருமல் மருந்துல்லா?" என்றார்.

"கோடீன்" என்றேன். "அபின்ல இருந்து எடுக்கிறது. ஒரு நாளைக்கு மூணு வேளை, ஒரு மூடி குடிக்கணும். நான் ஒரு நாளைக்கு நாலு பாட்டில் குடிக்கேன். அஞ்சு வருசமா. குடிச்சா உடம்பு லேசாயிரும். பயம் போயிரும். கை நடுங்காது. கண்ணுமணி சுருங்கும். எந்தப் பாட்டில் எதுன்னு படிக்கணும்கிற அக்கறை இருக்காது. இருபத்தி நாலாம் தேதி காலையில ரெண்டு பாட்டில் குடிச்சிருந்தேன். அடர் அமிலம்னு என் கையெழுத்துலதான் ஒட்டியிருக்கு. அதை எடுத்து நான்தான் ஊத்தினேன். ஊத்தும்போது பாட்டுப் பாடிக்கிட்டிருந்தேன். வாக்குமூலத்தில எழுதினது பொய். வேற சந்தேகம் இருக்கா?"

கிரிக்கெட் பார்த்தவர் போனை அணைத்தார். யாருக்கும் சந்தேகம் இல்லை.

வெளியே வராந்தாவில் சீனிராஜ் என் பின்னாலேயே வந்தார். "டீச்சர், இன்னைக்கே நிப்பாட்டிராதீங்க. தனியா நிப்பாட்டினா தாங்காது. திருநவேலில டாக்டர் இருக்காங்க. நான் எழுதித் தாரேன்" என்றார். ஒரு பஸ் டிக்கெட்டின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தார். எழுத்துப்பிழை இருந்தது. திருத்தவில்லை.

பிப்ரவரி 23

திருநெல்வேலி. ஆஸ்பத்திரியில் ஒன்பதாம் நாள். டைரியை இன்றுதான் தந்தார்கள். பெண்கள் வார்டில் ஐந்து பேர். தூக்க மாத்திரை ஒருத்தி. சாராயம் மூன்று பேர். என்னைத் தவிர எல்லோரும் படிக்காதவர்கள் என்று முதல் நாள் நினைத்தேன். அதில் ஒருத்தி வங்கி மேலாளர்.

பள்ளியிலிருந்து கடிதம் வந்தது. நான் தற்காலிகப் பணிநீக்கம். சீனிராஜ் திரும்ப வேலையில் சேர்ந்துவிட்டார். புஷ்பகலா பார்க்க வந்தாள். இருக்கிற வேலையை விட்டுவிட்டு இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறாள். ஒன்றுமே கேட்கவில்லை. என் தலையைப் பின்னிவிட்டாள்.

மார்ச் 10

வீட்டுக்கு வந்துவிட்டேன். பொதுத்தேர்வு நடக்கிறது. இருபத்தாறு வருடத்தில் முதல் முறையாக, தேர்வு நேரத்தில் வீட்டில் இருக்கிறேன். தெருவில் பிள்ளைகள் போகிற சத்தம் கேட்டால் சமையலறைக்குள் போய்விடுகிறேன்.

மார்ச் 19

மார்க்கெட்டில் சீனிராஜைப் பார்த்தேன். கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தார். அவர் என்னைப் பார்க்கவில்லை. நான் ஒரு லாரிக்குப் பின்னால் நின்று, அவர் போனபிறகு வந்தேன். என்ன பேசுவது? நான் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேனே. அதற்குமேல் என்ன.

ஏப்ரல் 6

கனகலட்சுமி வீட்டுக்குப் போனேன். ஒரே அறை. சுப்புத்தாய் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்தாள். 'வாங்க' என்று வாய்வரை வந்தது, சொல்லவில்லை. உள்ளே போய்விட்டாள்.

கனகலட்சுமி வாசலுக்கு வந்தாள். வலது கையில் மணிக்கட்டிலிருந்து விரல்வரை இளஞ்சிவப்பாகப் புதுத் தோல், சுருங்கி இருக்கிறது. விரல்கள் மடங்குகின்றன, முழுதாக இல்லை.

"பரீட்சை எப்படி எழுதினே?" என்று கேட்டேன். இருபத்தாறு வருடப் பழக்கம்.

"நான் எழுதல டீச்சர். நான் சொல்லச் சொல்ல வேற டீச்சர் எழுதுனாங்க."

"அன்னைக்கு மாத்தி ஊத்தினது நான்தான். அதை உங்கிட்ட நேர்ல சொல்லணும்னு வந்தேன்."

"ஊருக்கே தெரியும் டீச்சர்." குரலை உயர்த்தவில்லை. "மறுநாள் ஆஸ்பத்திரிக்குச் சீனிராஜ் அண்ணன் வந்தாங்களே. நீங்க இருந்தீங்க."

இருந்தேன். ஜனவரி இருபத்தைந்தாம் தேதி எழுதாமல் விட்டது இதைத்தான். இரண்டு சாத்துக்குடியோடு வந்தார். இந்தப் பிள்ளை கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, "குடிகாரப் பயலே, வெளிய போ" என்று கத்தினாள். நல்ல கையால் பழத்தை எடுத்து அவர் முகத்தில் எறிந்தாள். அவர் குனிந்து பழத்தைப் பொறுக்கித் தலைமாட்டில் வைத்துவிட்டுப் போனார். கட்டிலின் மறுபக்கம் நான் நின்றேன். அவள் தலையைத் தடவிக் கொடுத்தேன்.

"நீங்க ஒரு வார்த்த சொல்லல டீச்சர். சரியாச் சொன்னடின்னு எந் தலையத் தடவுனீங்க."

"ஆமா."

"நான் போன வாரம் அவங்க வீட்டுக்குப் போயி மன்னிப்புக் கேட்டுட்டு வந்துட்டேன். நீங்க இன்னும் வரலைன்னு அண்ணன் வீட்டு அக்கா சொன்னாங்க." என் முகத்தை நேராகப் பார்த்தாள். "போங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அந்தப் பார்வையை எனக்கு நன்றாகத் தெரியும். நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தது அப்படித்தான்.

வெயிலில் நடந்தே சீனிராஜ் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி, வேலைக்குப் போயிருக்கிறார், ஐந்து மணி ஆகும் என்றாள். உள்ளே வரச் சொல்லவில்லை. எதிரே வேப்பமரத்து நிழலில் நின்றேன். கால் வலித்தபோது ஒரு கல்லின்மேல் உட்கார்ந்தேன். போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். இந்த ஊரில் என்னைத் தெரியாதவர்கள் இல்லை.

ஐந்தேகாலுக்குச் சைக்கிளில் வந்தார். என்னைக் கண்டதும் இறங்கிவிட்டார்.

"டீச்சர்?"

எழுந்து நின்றேன். பேச வாயைத் திறந்தேன். 'சீனி' என்றேன், நிறுத்தி மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன். அவர் எனக்கு எடுத்துக் கொடுக்கவில்லை, பரவாயில்லை என்று சொல்லவும் இல்லை. சைக்கிளை மரத்தில் சாய்த்துவிட்டு, நான் சொல்லி முடிக்கும்வரை எதிரே நின்றார்.